கூடலூர் (இடப்பெயர்)

கூடலூர் என்பது தமிழ்நாட்டிலும் அதனை அடுத்த கேரளத்திலும் பல இடங்களில் வழங்கும் ஓர் ஊர்ப்பெயர் ஆகும். தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில் உள்ள கூடலூர், நீலகிரி மாவட்டத்தின் மேற்குச் சரிவில் உள்ள கூடலூர், கோயம்புத்தூர் மாவட்டத்தில் பெரியநாயக்கன்பாளையத்தை ஒட்டிய கூடலூர் ஆகிய மூன்றும் நகராட்சிகள். இவற்றுள் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கூடலூர் 2021 இல் நகராட்சியாயிற்று. இன்று கடலூர் என்று எழுதப்படும் துறைமுக நகரின் பழைய பெயரும் கூடலூரே. இவை தவிர கூடல், முக்கூடல், கூடலையாற்றூர், கூடுதுறை என ஒரே வேரிலிருந்து கிளைத்த பெயர்கள் பல உள்ளன.

பெயர் ஒன்றாயினும் அதன் காரணம் எல்லா ஊர்களுக்கும் ஒன்றன்று. "கூடிய இடம்" என்பதை மட்டுமே இப்பெயர் சொல்கிறது. எது கூடியது என்பதைச் சொல்வதில்லை. ஆறுகள், வழிகள், மக்கள், தேவர்கள், முகில்கள் என ஒவ்வோர் ஊரும் தனக்கென ஒரு விடை வைத்துள்ளது. அவ்விடைகளுள் சில நிலவியலோடு பொருந்துவன. சில பெயர் தோன்றிய பின்னர் அதற்கு ஏற்பப் புனையப்பட்டவை.

சொற்பொருள்

கூடு என்னும் வினையடியிலிருந்து பிறந்த தொழிற்பெயர் கூடல். அதனுடன் ஊர் சேர்ந்து கூடலூர் ஆயிற்று. சேர்தல், ஒன்றாதல், திரளுதல் என்பன இதன் அடிப்படைப் பொருள்கள். அகப்பொருள் நூல்களில் ஊடலுக்கு எதிர்நிலையாகத் தலைவனும் தலைவியும் இணைவது கூடல் எனப்படும். ஆறுகள் ஒன்றையொன்று சேரும் இடமும், ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரமும் கூடல் எனப்பட்டன. மதுரைக்குச் சிறப்புப் பெயராகவும் இச்சொல் நின்றது.

வழக்கொழிந்த பொருள் ஒன்றும் உண்டு. பிரிந்து சென்ற தலைவன் வருவானா என்று அறியத் தலைவி கண்ணை மூடி மணலில் வட்டம் வரைவாள். தொடங்கிய முனையும் முடிந்த முனையும் சேர்ந்தால் அவன் வருவான் என்பது நம்பிக்கை. இக்குறி பார்த்தலுக்குக் கூடல் இழைத்தல் என்று பெயர். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும் இதனைப் பொருளாகக் கொண்டது. ஊர்ப்பெயர்களுக்கும் இப்பொருளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் இரு முனைகள் சேர்வதே கூடல் என்னும் கருத்து இச்சொல்லில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

தேனி மாவட்டக் கூடலூர்

மதுரை மாவட்டத்திலிருந்து 1996 இல் பிரிக்கப்பட்ட தேனி மாவட்டத்தில், உத்தமபாளையம் வட்டத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வழியாகத் தெற்கே செல்லும் நெடுஞ்சாலை கூடலூரைக் கடந்து லோயர்கேம்ப் என்னும் அடிவாரக் குடியிருப்பை அடைகிறது. அங்கிருந்து மலையேறிக் குமுளியில் கேரளத்துக்குள் நுழைகிறது. நெல், தென்னை, வாழை, திராட்சை ஆகியவை சுற்றுப்புறத்து முதன்மைப் பயிர்கள். இப்பள்ளத்தாக்கில் விளையும் கம்பம் பன்னீர்த் திராட்சை 2023 இல் புவிசார் குறியீடு பெற்றது.

இவ்வூர்ப் பெயருக்கு மூவகை விளக்கம் கூறலாம். முதலாவது ஊரில் உள்ள கூடல் அழகிய பெருமாள் கோயிலை அடிப்படையாகக் கொண்டது. மதுரையில் கூடல் அழகர் கோயில் உள்ளது. கம்பம் பள்ளத்தாக்கு நெடுங்காலம் பாண்டியர் ஆட்சியின் விளிம்பில் இருந்த நிலம். பாண்டிய மரபினர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் பூஞ்சாறு அரச குடும்பத்தாரின் வழிவழிச் செய்தியும், அவர்தம் முன்னோர் மதுரையை விட்டு இப்பள்ளத்தாக்கின் வழியாக மலை கடந்து மேற்கே சென்றதாகக் கூறுகிறது. எனவே மதுரையின் பெயரும் தெய்வமும் இங்கே கொண்டுவரப்பட்டன என்று கருத இடமுண்டு. இடம்பெயர்ந்து குடியேறுவோர் பழைய ஊரின் பெயரைப் புதிய ஊருக்கு இடுவது உலகெங்கும் காணப்படும் வழக்கமே. எனினும் பெருமாளால் ஊர் பெயர் பெற்றதா, ஊரால் பெருமாள் பெயர் பெற்றாரா என்னும் கேள்வி இவ்விளக்கத்தில் எஞ்சி நிற்கிறது.

இரண்டாவது விளக்கம் வழிகளைப் பற்றியது. மூன்று பக்கம் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கின் கோடியில், கணவாய்க்குச் சற்று முன்னால் அமைந்த ஊர் இது. மலையேறுவதற்கு முன் வணிகரும் பொதிமாடுகளும் சேர்ந்து தங்குவதற்கு ஏற்ற இடம். பாண்டிய நாடும் சேர நாடும் கூடும் எல்லையாதலால் இப்பெயர் வந்தது என்பாரும் உளர்.

மூன்றாவது விளக்கம் நீரைப் பற்றியது. மலையிலிருந்து இறங்கும் வைரவனாறும் சுருளியாறும் முல்லையாறும் இப்பள்ளத்தாக்கின் நீரோட்டங்கள். மலையடிவாரத்தில் ஓடைகள் கூடும் இடங்களுக்குக் குறைவில்லை என்பதால் இவ்விளக்கமே இயல்பானதாகத் தோன்றுகிறது. ஆனால் இதனை எச்சரிக்கையுடன் ஏற்கவேண்டும். ஏனெனில் இன்று இப்பள்ளத்தாக்கில் காணப்படும் நீரோட்டம் முழுவதும் இயற்கையாக அமைந்ததன்று.

மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி அரபிக் கடலை நோக்கிச் செல்லும் பெரியாற்றின் குறுக்கே 1887 முதல் 1895 வரை ஜான் பென்னிகுயிக் தலைமையில் முல்லைப் பெரியாறு அணை கட்டப்பட்டது. தேக்கப்பட்ட நீர் தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பப்பட்டது. லோயர்கேம்ப் என்னும் பெயரே அணை கட்டும் பணிக்கால முகாம்களின் நினைவாகும். இன்று சுரங்கத்தைக் கடந்து வரும் நீர் பெருங்குழாய்கள் வழியாக லோயர்கேம்ப் நீர்மின் நிலையத்துக்கு இறங்குகிறது. மின் நிலையம் இயங்காத நேரத்தில் இரைச்சல் பாலம் வழியாக விழுகிறது. பின்னர் வைரவனாற்றில் கலந்து, முல்லையாறாக ஓடி வைகையை அடைகிறது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் இந்நீரை நம்பியுள்ளது.

ஆக, மேற்குக் கடலுக்குச் செல்லவேண்டிய நீரும் கிழக்கே செல்லும் வைகையின் நீரும் கூடும் இடம் கூடலூருக்கு அருகிலேயே உள்ளது. பெயருக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைப்பது அரிது. ஆனால் அக்கூடல் நிகழத் தொடங்கியது 1895 இல். ஊரின் பெயரோ அதற்கு மிகவும் முற்பட்டது. ஆகவே இது தற்செயலான பொருத்தமே அன்றிப் பெயர்க்காரணம் ஆகாது. பெயர்க்காரணம் தேடுவோர் இன்றைய ஆற்றுப் போக்கை மட்டும் பார்த்து முடிவு செய்வது எவ்வளவு பிழையாக முடியும் என்பதற்கு இவ்வூர் ஓர் எடுத்துக்காட்டு.

இதே மாவட்டத்தில் முல்லையாறும் கொட்டகுடியாறும் உண்மையாகவே சேரும் இடம் தேனி நகரை ஒட்டிய அரண்மனைப்புதூர்ப் பகுதி ஆகும். அவ்வூர்ப் பெயரில் கூடல் இல்லை. "புதூர்" தான் இருக்கிறது.

கூடலூருக்கு மேலே, மாநில எல்லையை ஒட்டிய மலையுச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் உள்ளது. சித்திரை முழுநிலவு நாளில் அடியவர்கள் குமுளி வழியாகவும், கூடலூரை அடுத்த பளியன்குடி மலைப்பாதை வழியாகவும் அங்குச் செல்கின்றனர். சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரையை நீங்கி வையைக் கரை வழியே நடந்து பதினான்காம் நாள் மலையை அடைகிறாள். அக்காப்பியம் மதுரையைக் கூடல் என்றும் குறிக்கும். ஒரு கூடலில் தொடங்கிய அவளது வழி மற்றொரு கூடலின் அருகே முடிவதாக இப்பகுதி மக்கள் கருதுவதில் வியப்பில்லை.

கூடலூர் கிழார் எந்தக் கூடலூரினர்?

ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால் எழும் சிக்கலுக்குச் சங்கப் புலவர் கூடலூர் கிழார் சிறந்த எடுத்துக்காட்டு. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் இவர். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் சேர வேந்தன். நூலின் இறுதிக் குறிப்பு இவரைப் "புலத்துறை முற்றிய கூடலூர் கிழார்" என்று சிறப்பிக்கிறது. குறுந்தொகையில் இவர் பாடிய மூன்று பாடல்கள் உள்ளன. அவற்றுள் 167 ஆம் பாடல், புதுமணப்பெண் தன் கணவனுக்குப் புளிப்பாகர் சமைத்துப் படைத்த காட்சியைக் கூறுவது. சங்க இலக்கியத்தில் மிகப் பரவலாக அறியப்பட்ட பாடல்களுள் ஒன்று. புறநானூற்று 229 ஆம் பாடலில், விண்மீன் ஒன்று எரிந்து வீழ்ந்ததைக் கண்டு அரசனுக்குத் தீங்கு நேருமோ என அஞ்சியதையும், ஏழாம் நாள் அச்சேரன் இறந்ததையும் இவர் பாடியுள்ளார். வான்நிலையை நுணுக்கமாகச் சொல்லும் பாடல் என்பதால் வானியல் ஆர்வலரும் இதனை ஆராய்வதுண்டு. கூடலூர்ப் பல்கண்ணனார் என்னும் மற்றொரு புலவர் நற்றிணையில் பாடியுள்ளார்.

கிழார் என்பது ஊரின் உரிமையாளரையோ தலைவரையோ குறிக்கும் பட்டம். எனவே கூடலூர் கிழாருக்குக் கூடலூர் என்று ஓர் ஊர் இருந்தது உறுதி. அது எந்தக் கூடலூர்? சேர வேந்தனுடன் கொண்ட நெருக்கத்தால் மலைநாட்டுக் கூடலூர் என்பர் சிலர். அவ்வாறு கொண்டாலும் நீலகிரிக் கூடலூர், பாலக்காட்டுப் பகுதியில் உள்ள கூடல்லூர், சேர நாட்டு எல்லையை ஒட்டிய கம்பம் பள்ளத்தாக்குக் கூடலூர் என ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உரிமை கோரலாம். பாடல்களிலோ ஆறு, மலை, அண்டை ஊர் என ஊரை அடையாளம் காட்டும் குறிப்பு எதுவும் இல்லை. அரசனின் நாடு புலவரின் ஊரை உறுதி செய்யாது. பாண்டிய நாட்டுப் புலவர்கள் சேரரைப் பாடியது போலவே பிற நாட்டுப் புலவர்களும் பல வேந்தரைப் பாடியுள்ளனர். ஊர்ப்பெயர் ஒற்றுமையை மட்டும் கொண்டு ஒரு புலவரை ஓர் ஊருக்கு உரியவராக்குவது வரலாறு ஆகாது.

கடலூர்

கடலூரின் பழைய பெயர் கூடலூர் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கெடிலம், தென்பெண்ணை, பரவனாறு, உப்பனாறு ஆகியவை இந்நகரிலும் அதன் அருகிலும் கடலை அடைகின்றன. ஆறுகள் கூடும் இடம், ஆறு கடலொடு கூடும் இடம் என்னும் இரு பொருளும் இங்கே முழுமையாகப் பொருந்துகின்றன. இடைக்காலக் கல்வெட்டுகளில் காடவராயர் குடியினர் கூடல் என்னும் ஊரோடு சேர்த்துக் குறிப்பிடப்படுகின்றனர். சேந்தமங்கலத்திலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சிங்கன் இக்குடியைச் சேர்ந்தவன்.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690 இல் இங்கு ஒரு கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. 1746 இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமையிடம் இங்கே மாறிச் சில ஆண்டுகள் நீடித்தது. 1758 இலும் 1783 இலும் இப்பகுதி ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகளின் போர்க்களமாயிற்று. அக்காலத்து ஐரோப்பிய ஆவணங்கள் வழியே கூடலூர் என்னும் பெயரின் ஆங்கில வடிவம் நிலைத்தது. அவ்வடிவத்தின் முதல் அசையைக் 'கூ' என்றும் 'க' என்றும் வாசிக்க முடியும். இந்த இருபொருள் நிலை தமிழில் கூடலூர் கடலூர் ஆவதற்குத் துணை செய்திருக்கலாம்.

எவ்வாறாயினும் ஊர் கடற்கரையில் இருந்ததால் புதிய வடிவமும் பொருளுடையதாகவே அமைந்துவிட்டது. இதனால் பழைய வடிவம் மறைந்ததை உணர்த்தும் தடயமே இல்லாமல் போயிற்று. பொருளற்ற சிதைவாக இருந்திருந்தால் யாராவது திருத்தியிருப்பர். பொருள் தரும் சிதைவை யாரும் சிதைவாகக் கருதுவதில்லை. 1993 இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது கடலூர் மாவட்டப் பெயராகவும் ஆயிற்று. 2021 இல் நகரம் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது.

இதே மாவட்டத்தில் வெள்ளாறும் மணிமுத்தாறும் சேருமிடத்தில் திருக்கூடலையாற்றூர் உள்ளது. சுந்தரர் தேவாரப் பாடல் பெற்ற தலம். கூடல், ஆறு, ஊர் என மூன்று சொற்களையும் ஒருங்கே கொண்டிருப்பதால் இவ்வூர்ப் பெயருக்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை.

நீலகிரிக் கூடலூர்

உதகமண்டலத்திலிருந்து மைசூர் செல்லும் சாலையில், முதுமலைக் காடுகளுக்கு அருகே இவ்வூர் உள்ளது. முன்பு மலபார் மாவட்டத்தின் வயநாட்டுப் பகுதியில் இருந்த இந்நிலம் 1877 இல் நீலகிரியுடன் சேர்க்கப்பட்டது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் முதலிய பழங்குடியினரும் வயநாடன் செட்டிகளும் இங்கு வாழ்கின்றனர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாத்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் பலர் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர்.

தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்கள் கூடும் இடமாதலால் கூடலூர் என்ற பெயர் வந்தது என்னும் விளக்கம் இங்குப் பரவலாகச் சொல்லப்படுகிறது. மாநில எல்லைகள் மொழிவழியில் வகுக்கப்பட்டது 1956 இல். பெயரோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது. ஆகவே இவ்விளக்கம் பொருந்தாது. மைசூர், உதகை, வயநாடு ஆகிய மூன்று திசை வழிகளும் இவ்வூரில் சந்திப்பதே பெயர்க்காரணம் என்பது இதைவிட ஏற்கத்தக்கது.

மதுரையும் திருக்கூடலூரும்

மதுரை நான்மாடக்கூடல் எனப்பட்டதற்குக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. வருணன் ஏவிய மழையைத் தடுக்கச் சிவபெருமான் விடுத்த நான்கு முகில்கள் நான்கு மாடங்களாகக் கூடி நகரைக் காத்தன என்பது பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறும் கதை. திருவாலவாய், திருநள்ளாறு, திருமுடங்கை, திருநடுவூர் ஆகிய நான்கும் கூடியது என்பது உரையாசிரியர் கூற்று. சங்கப் புலவர்கள் கூடிய இடம் என்பது இன்னொரு விளக்கம். ஒரே பெயருக்கு இத்தனை விளக்கங்கள் இருப்பதே, அப்பெயரின் தொடக்கம் புராணங்களும் உரைகளும் எழுந்த காலத்திலேயே மறந்துபோயிருந்தது என்பதைக் காட்டுகிறது.

தஞ்சாவூர்ப் பகுதியில் காவிரிக் கரையில் உள்ள திருக்கூடலூர், 108 வைணவத் திருப்பதிகளுள் ஒன்று, திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்றது. ஆடுதுறைப் பெருமாள் கோயில் என்றும் வழங்கும். நிலமகளை இரணியாக்கனிடமிருந்து மீட்கவேண்டித் தேவர்கள் கூடி வந்து திருமாலை வேண்டிய இடம் என்பது தலவரலாறு.

முக்கூடல்

மூன்று ஆறுகள் சேருமிடம் முக்கூடல். முக்கூடற்பள்ளு என்னும் சிற்றிலக்கியத்தால் இப்பெயர் புகழ்பெற்றது. திருநெல்வேலி மாவட்டத்தில் இன்று முக்கூடல் என்னும் பேரூர் அம்பாசமுத்திரம் பக்கம் உள்ளது. ஆனால் பள்ளு நூலின் முக்கூடல் அதுவன்று. தாமிரபரணியும் சிற்றாறும் சேரும் சீவலப்பேரிப் பகுதியே அது. மாணவர் பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. ஈரோடு மாவட்டம் பவானியில் காவிரியும் பவானியும் கூடுமிடம் கூடுதுறை எனப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் அங்கே கலப்பதாக நம்பிக்கை. வடக்கே பிரயாகையில் கங்கை, யமுனையுடன் காணப்படாத சரசுவதியைச் சேர்த்து எண்ணுவது போன்றதே இதுவும்.

அண்டை மொழிகளில்

இவ்வேர் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கன்னட நாட்டில் துங்கையும் பத்திரையும் சேருமிடம் கூடலி. கிருட்டிணை ஆறும் மலப்பிரபையும் சேருமிடம் கூடலசங்கமம். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பசவண்ணர் தம் வசனங்களில் கூடலசங்கமதேவனையே முத்திரைப் பெயராகக் கொண்டார். கூடல், சங்கமம் இரண்டும் ஒரே பொருளைத் தருவன. திராவிடச் சொல்லின் பொருளை வடசொல் மீண்டும் ஒருமுறை சொல்வதற்கு இப்பெயர் நல்ல எடுத்துக்காட்டு.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தூதப்புழை பாரதப்புழையுடன் சேருமிடத்தில் கூடல்லூர் உள்ளது. மலையாள எழுத்தாளர் எம். டி. வாசுதேவன் நாயரின் பிறந்த ஊர் அதுவே. இரிஞ்ஞாலக்குடையில் உள்ள கூடல்மாணிக்கம் கோயிலின் பெயருக்கு வேறொரு கதை உண்டு. இறைவன் திருமேனியின் ஒளியோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுவரப்பட்ட மாணிக்கம் அத்திருமேனியிலேயே கலந்துவிட்டதாம். அங்கே கூடியது மணி.

எழுத்துக்கூட்டும் குழப்பமும்

ஆங்கிலத்தில் தேனிக் கூடலூரும் நீலகிரிக் கூடலூரும் ஒரே எழுத்துகளால் எழுதப்படுகின்றன. நெடில் குறில் வேறுபாடு காட்டாத அவ்வடிவத்தை வெளியூரார் 'குடலூர்' என்று வாசித்துவிடுவதும் உண்டு; அது தமிழில் முற்றிலும் வேறு பொருளாகிவிடும். கடலூரோ, வேர் ஒன்றாயிருந்தும், ஆங்கிலத்தில் வேறு ஊர் போலவே தோன்றுகிறது. சட்டமன்றத் தொகுதிகளுள் கூடலூர் என்பது நீலகிரியைக் குறிக்கும். தேனிக் கூடலூர் கம்பம் தொகுதியில் அடங்கும். அஞ்சல் குறியீட்டு எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் தேனிக் கூடலூருக்கு 625, நீலகிரிக் கூடலூருக்கு 643, கடலூருக்கு 607 ஆகும்.

தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றித் தமிழ்நாடு அரசு 2020 சூன் மாதத்தில் ஓர் ஆணையை வெளியிட்டது. புதிய எழுத்துக்கூட்டுகள் பற்றிப் பல குறைகள் எழுந்ததால் சில நாள்களிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.